படகு பகலில் எங்கே படுக்கிறது? மெழுகு, செராமிக், பெயின்ற், கொட்டில்: ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணம் பாசையூர்த் தம்பி ஒருவரின் பதினெட்டரை அடிப் பைபர் படகுக்கு இப்போது ஏழு வயது. வெளிப்பக்க நீலம் வெளுத்துப் போய், கை வைத்தால் மா ஒட்டுகிறது. "அண்ணை, திரும்பப் பெயின்ற் அடிக்கிறதோ, இல்லாட்டி பொலிஷ் பண்ணி விடுறதோ?" என்று கேட்டார். அதே கிழமை காரைநகரிலிருந்து இன்னொரு கேள்வி. அவர் கனடாவில் இருந்து வந்து போகிறவர். படகு புதுசு, வருடத்தில் இரண்டு மாதம்தான் தண்ணீரில் இறங்கும். யாரோ செராமிக் கோட்டிங் போத்தல் ஒன்றைக் காட்டி ஆசை மூட்டிவிட்டார்கள். "தம்பி, இதைப் பூசினா அஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவையில்லையாமே?"

இரண்டு பேரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். பகலில் படகு எங்கே படுக்கிறது?

தம்பி கொஞ்சம் சிரித்தார். ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. களக்கடலில், அதாவது ஆழமில்லாத உள்கடலில், தொழில் பெரும்பாலும் இரவும் விடியலும். காலை எட்டு, ஒன்பதுக்குப் படகு கரைக்கு வந்துவிடும். வலையைத் தட்டி, மீனை ஏலத்தில் கொடுத்துவிட்டு மனிசர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். படகும் படுக்கிறது, ஆனால் உச்சி வெயிலுக்குக் கீழே. கடலில் போகிற படகைக் கெடுப்பது கடல் என்று நினைக்கிறோம். கெடுக்கிற வேலையில் பெரும்பங்கு கரையில், ஒருவரும் பார்க்காத நேரத்தில் நடக்கிறது.

## கெடுப்பது வெயிலா, உப்பா?

பைபர் படகின் வெளித்தோல் ஜெல்கோட். நிறம் கலந்த பொலியெஸ்டர் றெசின் படலம் அது. கனம் அரை மில்லிமீற்றர் அளவு, இரண்டு தபால் அட்டையை ஒன்றன்மேல் ஒன்று வைத்தமாதிரி. வெயிலிலுள்ள புற ஊதாக்கதிர் இந்த றெசினின் பிணைப்புகளை அறுக்கிறது. றெசின் அரிந்துபோக, அதற்குள் இருந்த நிறத்தூள் பிடிமானம் இல்லாமல் மேலே நிற்கும். தம்பியின் கையில் ஒட்டிய மா அதுதான். அப்படியே விட்டால் நுண்துளைகள் விழும், துளைக்குள் தண்ணீர் போகும், கடைசியில் உள்ளிருக்கும் கண்ணாடி நார் மயிர் மயிராக வெளியே தெரியும். அந்த நிலைக்கு வந்த படகுக்குள் வெறும் காலோடு இறங்கியவருக்கு அரிப்பு எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை.

யாழ்ப்பாணம் கிடப்பது வட அகலக்கோடு ஒன்பதரைப் பாகைக்குச் சற்று மேலே. சூரியன் வருடத்தில் இரண்டு தரம் நேர் உச்சிக்கு வருகிறது. ஒன்று சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, மற்றது ஆகஸ்ட் கடைசியில். அந்த நாட்களில் மத்தியானம் முற்றத்தில் நட்ட தடிக்கு நிழலே விழாது. வெள்ளை மணலும் தண்ணீரும் கீழேயிருந்தும் வெயிலைத் திருப்பி எறிவதால், படகின் பக்கவாட்டும் தப்பாது.

உப்பு வேறு ஆள். ஜெல்கோட்டை அது நேரடியாகத் தின்பதில்லை. ஒரு லீற்றர் கடல்நீரில் 35 கிராம் அளவு உப்பு இருக்கிறது. பத்து லீற்றர் வாளி ஒன்றை ஊற்றிக் காயவிட்டால் 350 கிராம். கோடையில் களக்கடல் வற்றும்போது இன்னும் கூடும். அந்த உப்பு படகில் பொருக்காகக் காய்ந்து நிற்கும்போது உலர்ந்த துணியால் துடைத்தால், நீங்கள் தேய்ப்பது சான்ட் பேப்பரால். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். கீறிய இடத்தில் வெயில் இன்னும் சுலபமாக வேலை செய்யும். இன்னொன்று: காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். குசினியில் உப்புப் போத்தல் மாரியில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். படகின் ஆணி, கொழுவி, எஞ்சின் பிடி எல்லாவற்றின் மேலும் அந்தக் கசிவு இரவு முழுக்க நிற்கிறது. ஆக உப்பின் பகை முதலில் இரும்போடும் அலுமினியத்தோடும். றெசினின் பகை வெயில்.

ஒரே போத்தல் இரண்டையும் தீர்க்கும் என்று யாரும் சொன்னால், எதைத் தடுக்கிறது என்று கேளுங்கள்.

## எதை வைத்து நிறுப்பது

நான் ஐந்து விஷயத்தைப் பார்ப்பேன்.

- வெயிலை உண்மையில் தடுக்கிறதா, இல்லாவிட்டால் மினுக்கம் மட்டும் தருகிறதா.
- எவ்வளவு நல்ல தண்ணீர் கேட்கும். வெளிநாட்டுக் காணொளிகளில் குழாயைத் திறந்து பீச்சிக்கொண்டே நிற்பார்கள். இங்கே கரையோரக் கிணறு பாதி உவர். தீவுப்பக்கம் குடிக்கிற தண்ணீரே பவுசரில் வருகிற இடங்களும் உண்டு.
- மணலிலும் வலையிலும் உரசினால் நிற்குமா.
- படகு எத்தனை நாள் கரையில் நிற்கவேணும். தொழில்காரருக்குப் பெயின்ற் ரின்னின் விலையைவிட இந்த நாட்களின் விலை பெரிது.
- பிறகு மனம் மாறினால் வழிவிடுமா. ஒன்றைப் பூசிவிட்டு அதன்மேல் இன்னொன்று பூசமுடியாத நிலை வரும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. 2022க்குப் பிறகு றெசினும் பெயின்றும் விலை ஆடிய ஆட்டத்தில், இன்று எழுதினால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். லீற்றரும் நாளும் அப்படி மாறுவதில்லை.

## மெழுகு

வக்ஸ் என்று ரின்னில் வரும் நல்ல மெழுகுகளில் கார்னோபா கலந்திருக்கும். கார்னோபா பிரேசிலின் வரண்ட வடகிழக்கில் வளரும் ஒரு விசிறிப் பனை. தன் ஈரம் வெயிலில் போகாமல் இருக்க ஓலையின் மேல் அது பூசிக்கொள்ளும் மெழுகைத்தான் சுரண்டி எடுத்து உலகம் முழுக்க விற்கிறார்கள். நம்முடைய பனைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வையுங்கள். பனை நிற்கும் ஊரில் பனை மெழுகை வேறு கண்டத்திலிருந்து வாங்குகிறோம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

மெழுகு புற ஊதாக்கதிரைத் தடுப்பது மிகக் கொஞ்சம். அதன் வேலை வேறு. நுண்துளைகளை அடைத்து, உப்பும் காக எச்சமும் ஒட்டாமல் வழுக்கவைத்து, கழுவுவதைச் சுலபமாக்கும். வெயிலில் முதலில் தான் அழிந்து கொடுக்கும். எங்கள் வெயிலில் இரண்டு, மூன்று மாதம். நிழலில் படுக்கும் படகுக்கு ஆறு மாதம்வரை இழுக்கலாம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது, சப்பையாகப் பரவினால் முடிந்துவிட்டது.

மறைந்த செலவு மூன்று. முதலாவது தண்ணீர். மெழுகுக்கு முன் உப்பு முழுவதும் போகவேணும், சிக்கனமாகக் கழுவினாலும் ஐந்தாறு வாளி. அதுவும் எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் தோண்டியவை. கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளை, கழுவிய படகைக் காயவிட்டால் பொட்டுப் பொட்டாகப் படியும். கழுவிய கையோடு பழைய சாரத் துணியால் ஒற்றி எடுத்துவிடவேணும்.

இரண்டாவது தேய்ப்பு. மா பூத்த படகுக்கு நேரே மெழுகு பூசமுடியாது. முதலில் ரப்பிங் கொம்பவுண்ட் போட்டுத் தேய்க்கவேணும். ஒவ்வொரு தேய்ப்பும் அந்த அரை மில்லிமீற்றரில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகிறது. படகை வருடா வருடம் மெஷினால் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருக்கிறவர், வேறொரு வழியில் அதைத் தேய்த்து முடிக்கிறார்.

மூன்றாவதுதான் பொல்லாதது: சிலிக்கன். மலிவான வக்ஸ்களில் மினுக்கத்துக்குச் சிலிக்கன் எண்ணெய் கலப்பார்கள். பின்னொரு நாள் பெயின்ற் அடிக்க நினைத்தால், ரோலர் போன இடத்தில் பெயின்ற் சின்னச் சின்ன வட்டமாக விலகி நிற்கும், நடுவில் பழைய தோல் தெரியும். மீன்கண் மாதிரி. எத்தனை கோட் அடித்தாலும் அந்தக் கண் மூடாது. தப்ப ஒரு வழி, வேலையின் ஒழுங்கு. முதலில் தின்னர் நனைத்த துணியால் துடைத்து எடுக்கவேணும், துணியை அடிக்கடி மாற்றி. அதன்பிறகுதான் சான்ட் பேப்பர். மாறிச் செய்தால் சிலிக்கனை நீங்களே கீறலுக்குள் அரைத்துவிடுகிறீர்கள்.

மெழுகு பொருந்துவது: ஜெல்கோட் இன்னும் நல்ல நிலையில் இருந்து, படகு நிழலில் படுத்து, பக்கத்தில் நல்ல தண்ணீரும் இருந்தால். மணலில் இழுக்கிற தொழில் படகுக்கு அது பண்டிகைக்குப் பூசும் பவுடர்.

## செராமிக் கோட்டிங்

காரைநகர் அண்ணையின் போத்தல். சிலிக்கா சார்ந்த திரவம், பூசினால் இறுகிக் கண்ணாடி போன்ற மெல்லிய படலமாகும். மெல்லிய என்றால் சில மைக்ரோன்தான், தலைமயிரின் தடிப்பில் ஒரு சின்னப் பங்கு. மெழுகைவிடக் கெட்டி, வெப்பத்துக்கு இளகாது, உப்பு ஒட்டுவது குறைவு. நல்ல சாமான்தான், குறை சொல்ல ஆசையில்லை.

ஆனால் பெட்டியில் எழுதிய வருடக்கணக்கு, எங்கள் வெயிலில் திறந்து கிடக்கும் படகுக்கு எழுதியது இல்லை. ஒன்று, இரண்டு வருடம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. கீழே இருக்கும் குறையை அது மறைக்காது. கீறலோடு பூசினால் கீறல் கண்ணாடிக்குள் வைத்தமாதிரி நிற்கும். ஆக முழு விலையும் போத்தலில் இல்லை, அதற்கு முந்திய தேய்ப்பில் இருக்கிறது. 800, 1000, 1500, 2000 என்று வரவர நைசான சான்ட் பேப்பரால் தண்ணீர் வைத்துத் தேய்த்து, பிறகு கொம்பவுண்ட், பிறகு பிசுக்கு நீக்கித் துடைப்பு. பூசிய பிறகு ஒரு நாளாவது பனியோ தூறலோ படக்கூடாது. மார்கழி, தையில் விடிய எழும்பிப் படகின் விளிம்பைத் தடவிப் பார்த்தவருக்கு, திறந்த வெளியில் இது நடக்கிற காரியமா என்று தெரியும்.

இன்னொரு செலவு எங்களுக்கே உரியது. "அண்ணா வரேக்க சூட்கேசில கொண்டு வருவார்" என்பார்கள். இந்தத் திரவங்களில் பல தீப்பற்றும் வகை, விமானப் பொதியில் கொண்டுவர விடமாட்டார்கள். இரண்டு பக் பெயின்றும் (இரண்டு ரின்னில் வருவதைக் கலந்து பூசுவது) தின்னரும் அப்படித்தான். விமான நிலையத்தில் பறிகொடுத்துவிட்டு நிற்கவேண்டாம்.

பொருந்துவது: புதுப் படகு, கூரைக்குக் கீழே இருப்பு, அலுமினிய மேடையிலோ ட்ரெய்லரிலோ ஏறி இறங்கும் வாழ்க்கை. மணலைத் தொடாதவரைதான் அதற்கு ஆயுள்.

## பெயின்ற்: இனாமலா, இரண்டு பக்கா?

இங்கேதான் பெரும்பாலானோர் வந்து நிற்கிறார்கள். கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய இடமும் இதுதான். பெயின்றிலுள்ள நிறத்தூள் வெயிலை மறிக்கிறது. மெழுகு செய்யாத வேலை அது. கீழே இருக்கும் ஜெல்கோட்டுக்கு உண்மையான குடை.

சாதாரண இனாமல் ஹாட்வெயாரில் கிடைப்பது. ஒரு ரின், ஒரு தூரிகை, அடிக்க ஒரு நாள், காய ஒரு நாள். ஒரு வருடத்திலேயே அதுவும் மா பூக்கும். ஆனால் அடுத்த வருடம் லேசாகத் தேய்த்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம், யாரையும் கூப்பிடத் தேவையில்லை. அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) மணல் கீறினால், மிச்சம் வைத்த பெயின்றைத் தொட்டுவிட்டுப் போகலாம். படித்தவர்கள் இனாமலைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். வடமராட்சிக் கரையில் நாளாந்தம் இழுத்து ஏற்றும் படகுக்கு நான் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

இனாமல் தோலாக உரிகிறது என்றால் பெரும்பாலும் பிழை அடியில் இருக்கும். புதுப் படகை அச்சிலிருந்து கழற்றுவதற்காக அச்சுக்கு மெழுகு பூசியிருப்பார்கள், அது படகின் தோலில் ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்காமல் பெயின்ற் அடித்தால் ஒரு மாரிக்குள் பாம்புச் சட்டை மாதிரிக் கழரும்.

இரண்டு பக் பொலியூரிதேன் வேறு தரம். அடியில் எபொக்சி பிரைமர், மேலே இரண்டு அல்லது மூன்று கோட். நன்றாகச் செய்தால் ஐந்து வருடத்துக்கு மேல் மினுக்கம் நிற்கும். கணக்குப் பாருங்கள். பதினெட்டரை அடி என்றால் 5.6 மீற்றர். பக்கம் ஒன்று சராசரி 0.8 மீற்றர் உயரம். இரண்டு பக்கமும் பின்பலகையும் சேர்த்தால் வெளிப்புறம் பத்துச் சதுர மீற்றருக்குக் கிட்ட வரும். ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்குப் போதும். பிரைமர் இரண்டு லீற்றர், மேல்பூச்சு இரண்டிலிருந்து மூன்று, தின்னர் தனி. கழுவி, துடைத்து, தேய்த்து, குழி நிரப்பி, பிரைமர் காய்ந்து, மேல்பூச்சு முடிந்து, இறுகுவதற்கு ஒரு கிழமை. மொத்தம் பத்து நாள் படகு கரையில். பத்து நாள் தொழில் போனால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

சொல்லாமல் விடப்படும் சிலது:

எபொக்சி வெயிலுக்கு ஆகாது. பிரைமர் அடித்துவிட்டு, "மிச்சத்தைக் காசு வந்தாப் பாப்பம்" என்று இரண்டு மாதம் விட்டால் அதுவே மா பூத்துவிடும். மேல்பூச்சுக்குக் காசு கையில் வந்தபிறகு தொடங்குங்கள்.

பொலியூரிதேனின் ஹார்ட்னரில், அதாவது கலந்து இறுகவைக்கும் திரவத்தில், ஐசோசயனேட் இருக்கிறது. புகையாக உள்ளே போனால் நெஞ்சைப் பிடித்துவிடும், ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குக் கொஞ்சம் பட்டாலே இழுப்பு வரும். வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கிற வேலை வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் ரோலரால் உருட்டி, அகலத் தூரிகை நுனியால் தடவி விட்டால் போதும், ஐந்து அடி தள்ளி நின்று பார்க்க வித்தியாசம் தெரியாது. தோலில் படாமல் கையுறை போடுங்கள்.

காலநிலை பார்க்கவேணும். வடகிழக்கு வாடைக்காற்று ஓய்ந்து தென்மேற்குச் சோளகம் எழும்புவதற்கு முன், மாசி, பங்குனிதான் எங்கள் வாசல். வைகாசிக்குப் பிறகு சோளகம் மணலை அள்ளி ஈரப் பெயின்றில் கொட்டும். அந்த மாதங்களிலும் காலையில் பனி காய்ந்தபிறகு தொடங்கி, பத்தரைக்குள் அன்றைய கோட்டை முடித்துவிடுங்கள். உச்சி வெயிலில் தின்னர் பறந்து, தூரிகைக் கோடு அப்படியே உறையும்.

அப்புறம், ஜெல்கோட்டோடு பார்த்தால் பெயின்ற் மெல்லியது. மணலில் இழுத்தால் அணியத்தில் முதல் மாதமே வெள்ளைக் கோடு விழும். இரண்டு பக்கில் ஒட்டுப் போடுவது இனாமல்போலச் சுலபமில்லை, போட்ட இடம் தனியாகத் தெரியும். இரவும் பகலும் தண்ணீரில் நிற்கும் படகுக்கு நீர்க்கோட்டுக்குக் கீழே இதைக் கொண்டுபோகவும் வேண்டாம், கொப்புளிக்கும். அடிப்பக்கத்துக்குப் பாசியும் சிப்பியும் பிடிக்காத தனிப் பெயின்ற் இருக்கிறது, அது வேறு கதை.

நிறம். கடும் நீலமும் சிவப்பும் மினுங்கும்போது அழகு. வெயிலை உறிஞ்சிச் சூடேறுவதும் அவைதான், வெளுப்பது முதலில் கண்ணில் படுவதும் அவற்றில்தான். வெள்ளையும் மா பூக்கும், ஆனால் வெள்ளையில் வெள்ளை தெரியாது. பெயரையும் அந்தோனியாரையும் முருகனையும் கடும் நிறத்தில் எழுதிவிட்டு, உடம்பை வெளிர் நிறத்தில் வைப்பது நல்ல சமரசம். பதிவிலக்கத்தை மறைத்துவிடாதீர்கள், கடலில் மறிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

## புது ஜெல்கோட்

நார் வெளியே தெரியத் தொடங்கிவிட்டால், அல்லது ஆழமான வெடிப்புகள் இருந்தால், மேலே சொன்ன எதுவும் உதவாது. பழையதைத் தேய்த்து எடுத்து, தேவையான இடத்தில் கண்ணாடி நார் மாட் வைத்து, புது ஜெல்கோட் பூசவேணும். கனமாக நிற்கும், மணலுக்கும் தாங்கும். வேலைதான் பொல்லாதது. காற்றுப் படுகிற பக்கம் ஜெல்கோட் இறுகாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். கடைசிக் கோட்டில் பரபின் மெழுகுக் கரைசல் கலந்தால்தான் மேல் காயும். எங்கள் வெக்கையில் ஹார்ட்னரைக் கைக்கணக்கில் ஊற்றினால் வாளிக்குள்ளேயே கட்டியாகிப் புகையும். காய்ந்தபிறகு தேய்ப்பும் பொலிஷும் இருக்கிறது. காரைநகரில் நோர்வே உதவியோடு சீநோர் படகுத் தளம் நடந்த காலத்திலிருந்து இந்தக் கை எங்கள் பக்கத்தில் இருக்கிறது. தெரிந்த கையிடம் கொடுங்கள், காணொளி பார்த்துப் பழகுகிற வேலை இல்லை.

## நிழல்

ஒருவரும் இதைப் படகுக்குப் பூசும் சாமானாக எண்ணுவதில்லை. நான் முதலில் வைப்பது இதைத்தான். காலை பத்திலிருந்து இரண்டு, மூன்று மணிவரை மறைத்தால் அன்றைய புற ஊதாவில் பெரும்பங்கு படகைத் தொடவில்லை. எந்தப் போத்தலும் இதைச் செய்யாது.

சரி, எதால் மறைப்பது? இங்கே நானே அடிபட்டிருக்கிறேன். ஒரு வாடைக்கு முன் என்னுடைய சின்னப் படகைக் கரையில் ஏற்றி, நீலப் படங்கை (பிளாஸ்ரிக் தார்ப்பாயை) நேரே உடம்பில் போர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, கெட்டித்தனமாக வேலை செய்ததாக நினைத்துக்கொண்டு போய்விட்டேன். தையில் அவிழ்த்தேன். படங்கு மடிந்திருந்த ஒவ்வொரு கோட்டிலும் ஜெல்கோட் மங்கியிருந்தது, படகின் உடம்பில் படங்கின் மடிப்புகள் வரைந்தமாதிரி. கயிறு ஓடிய இடத்தில் காற்று கொண்டுவந்த மணல் உள்ளே புகுந்து, இரண்டு மாதமாக இரவு பகலாக அரைத்திருக்கிறது. விரல் வைத்தால் பள்ளம் தெரிந்தது. அணியத்துக்கு உள்ளே தண்ணீர் தேங்கி, கொழுவிகளைச் சுற்றிச் செம்மஞ்சள் கறை. கொப்புளம் மூன்று. வெயிலில் விட்டிருந்தால்கூட அவ்வளவு நட்டம் வந்திராது.

ஆகவே மறைப்பு உடம்பில் படக்கூடாது, காற்று போய்வரவேணும். படங்குதான் என்றால் வளைத்த பிளாஸ்ரிக் குழாயைப் படகின் விலாவான வங்கு மாதிரிக் குறுக்கே குத்தி, அதன்மேல் கூடாரமாகப் போடுங்கள். மலிவான நீலப் படங்கு வெயிலில் ஒரு வருடம் தாங்காது, பொடிப்பொடியாக உதிர்ந்து கடலுக்குத்தான் போகும். அதைவிட நல்லது, நாற்றுமேடைக்குப் போடும் நிழல்வலை. முழுவதையும் மறைக்காது, ஆனால் காற்றைப் பிடிக்காது, மழைத்தண்ணீர் தேங்காது. கட்டிவைத்த படகுக்கும் அணியத்திலிருந்து பின்பக்கம்வரை இழுத்துக் கட்டலாம்.

எல்லாவற்றிலும் மேல் கிடுகுக் கொட்டில். நான்கு பூவரசங்கட்டை, பனஞ்சலாகை, மேலே கிடுகு. உள்ளே குளிர்ச்சி, தகரம்போல உப்பில் துருப்பிடிக்காது. ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் மாற்றிவேயவேணும், பனையோலை என்றால் இன்னும் கொஞ்சம் நிற்கும். சோளகத்தில் கிளம்பாமல் மேலே வரிச்சுக் கட்டவேணும். கிடுகுக்குள் எலி குடிவரும், வலையை அதற்குள் வைக்காதீர்கள். சீமெந்துத் தூண் நாட்டி நிரந்தரமாகக் கட்ட நினைப்பவருக்கு ஒரு எச்சரிக்கை: 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து உள்ளே 300 மீற்றர்வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். விசாரித்துவிட்டுக் கல்லை இறக்குங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | வெயில் | உப்பு | நல்ல தண்ணீர் | மணல் உரசல் | கரையில் நிற்கும் நாள் | நிற்கும் காலம் | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|---|---|---|---|
| மெழுகு | கொஞ்சம் | நல்லது | அதிகம் | தாங்காது | அரை நாள் | 2–3 மாதம் | சிலிக்கன், தேய்ப்பு |
| செராமிக் | கொஞ்சம் | மிக நல்லது | நடுத்தரம் | தாங்காது | 3–4 | 1–2 வருடம் | முன்வேலை |
| இனாமல் | நல்லது | நடுத்தரம் | குறைவு | சுலபமாக ஒட்டுப்போடலாம் | 2 | 1 வருடம் | வருடா வருடம் அடிப்பது |
| இரண்டு பக் | மிக நல்லது | நல்லது | குறைவு | கீறும், ஒட்டு தெரியும் | 10 | 5 வருடத்துக்கு மேல் | தொழில் இழப்பு, நெஞ்சு |
| புது ஜெல்கோட் | நல்லது | நல்லது | குறைவு | தாங்கும் | 10க்கு மேல் | பல வருடம் | கூலி |
| கொட்டில் | எல்லாவற்றிலும் மேல் | மழையையும் பனியையும் மறிக்கும், உப்புக் காற்றை இல்லை | இல்லை | பொருந்தாது | 0 | 1–2 வருடம் | இடம், அனுமதி |

## மரப் படகு வைத்திருப்பவருக்கு

குறைந்துவிட்டது, ஆனால் இன்னும் கேட்கிறார்கள். மரத்துக்குக் கணக்குத் தலைகீழ். உப்பு அதற்குப் பெரிய எதிரி இல்லை, உளுக்கவைக்கும் பூஞ்சணம் உப்பில் வளராது. மரத்தை உளுக்கவைப்பது உள்ளே தேங்கும் மழைத்தண்ணீர். வெயில் செய்வது பலகையைக் காயவைத்து இணைப்பைத் திறப்பது. அதனால்தான் பழைய ஆட்கள் கரையில் கிடக்கும் வள்ளத்துக்குக் கடல்நீர் அள்ளி ஊற்றினார்கள், மீன் எண்ணெய் பூசினார்கள். எண்ணெய் தனியே வெயிலைத் தடுக்காது, நிறத்தூள் கலந்தால்தான் தடுக்கும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தபோது, உலகில் பொலியூரிதேன் பெயின்ற் கடைக்கு வந்திருக்கவில்லை. மரம், எண்ணெய், இடைவிடாத கைவேலை. இன்றைக்கு அந்தக் கைவேலைக்கு ஆள் இருந்தால் எண்ணெய், இல்லாவிட்டால் நல்ல மரப் பிரைமரும் வெளிர் நிற இனாமலும்.

## ஆக, யாருக்கு எது

வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கம் தினமும் மணலில் ஏற்றுகிறவர்: இனாமல், வருடம் ஒருக்கால். கீழ்விளிம்பு தேய்ந்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஜெல்கோட். மெழுகுக்குக் காசு கொடுக்கவேண்டாம்.

குருநகர், பாசையூர், நாவாந்துறையில் களக்கடலில் கட்டிவைப்பவர்: மணல் உரசல் குறைவு என்பதால் இரண்டு பக் செலவு திரும்பி வரும். பத்து நாள் கிடைக்காதவர் இனாமலோடு நிழல்வலை.

குறிகாட்டுவானில் ஆள் ஏற்றுகிறவர்: வெளிப்புறத்தைவிட மேல்தட்டைப் பாருங்கள். வெயில் அதிகம் விழுவதும் செருப்புத் தேய்ப்பதும் அங்கேதான். வெளிர் நிற இரண்டு பக், வழுக்காமல் இருக்க ஈரக் கோட்டில் சலித்துக் கழுவிய மணல் தூவி. கடும் நிறம் போட்டால் நயினாதீவுக்குப் போகிற பக்தர் வெறும் காலோடு நிற்கமுடியாது.

வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் ஓடுகிறவர்: முதலில் கொட்டில். அதற்குப் பிறகு மெழுகோ செராமிக்கோ, விருப்பம்.

பாசையூர்த் தம்பியின் படகில் ஒரு சாண் இடத்தை 800இல் தேய்த்துப் பார்த்தோம். மா போய் அடியில் நல்ல நீலம் வந்தது, நார் தெரியவில்லை. பொலிஷ் பண்ணலாம் என்று அவர் முகம் மலர்ந்தது. அடுத்த சித்திரைக்குத் திரும்பவும் வெளுக்கும், அதையும் தேய்த்தால் மூன்றாம் தேய்ப்புக்குத் தோல் மிஞ்சாது என்றேன். மாசியில் பத்து நாள் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார், அதுவரைக்கும் நிழல்வலை. காரைநகர் அண்ணை போத்தலைத் திருப்பிக் கொடுக்கவில்லை, வாங்கியே விட்டார். ஆனால் அதைத் திறக்கிறதுக்கு முன்னம் கொட்டில் எழும்பவேணும் என்று ஒத்துக்கொண்டார். நேற்றுத் தொலைபேசியில் கேட்டது, கிடுகு எத்தனை வேணும் என்று.